மிஸ்டர் ஃப்ரீஸ்: உறைபனித் துப்பாக்கிக்குப் பின்னால் ஒரு மனைவி

1959 பிப்ரவரி தேதியிட்ட 'பேட்மேன்' 121-ஆம் இதழில் மிஸ்டர் ஜீரோ என்று ஒரு வில்லன் வந்தான். எழுதியவர் டேவ் வுட், வரைந்தவர் ஷெல்டன் மோல்டாஃப். ஆள் ஒரு விஞ்ஞானி. எதையும் உறைய வைக்கும் துப்பாக்கி ஒன்றைச் செய்யப் போய் விபத்தில் சிக்கிக்கொள்கிறான். அதன் பிறகு குளிரில் மட்டும்தான் உயிரோடு இருக்க முடியும். குளிரூட்டிய உடுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு நகை நகையாகத் திருடுகிறான். ஏன் நகை? அமெரிக்கப் பேச்சுவழக்கில் வைரத்துக்கு 'ஐஸ்' என்று ஒரு பெயர் உண்டு. அந்தச் சொல் விளையாட்டைத் தாண்டி வேறு காரணம் இல்லை. கடைசியில் ஒரு நீராவிக் குழாய் உடைகிறது, அந்தச் சூட்டில் அவனுடைய வியாதியே குணமாகிவிடுகிறது.

33 ஆண்டுகள் கழித்து, 1992 செப்டம்பர் 7 அன்று, அதே ஆள் மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பெயரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூனில் திரும்பி வந்தான். 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரின் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' என்ற எபிசோட். நீளம் 22 நிமிடம். பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கியது. அந்த எழுத்துக்கு டேடைம் எம்மி விருது கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த ஃப்ரீஸ் எல்லாருமே, காமிக்ஸிலும் சினிமாவிலும் கேமிலும், இந்த 22 நிமிடத்தின் வாரிசுகள்தான்.

யாருக்கும் நினைவில்லாத பழைய வில்லனை இன்றைய வாசகருக்காக எப்படித் திருத்தி எழுதுவது என்ற பேச்சு வந்தால் எல்லாரும் முதலில் சொல்லும் உதாரணமும் இதுதான். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் பெரும்பாலும் 'சோகமான முன்கதை ஒன்று சேர்த்துவிடு' என்பதோடு நின்றுவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. அந்த எபிசோடில் நடந்தது அதைவிட நுணுக்கமான வேலை. அந்த வேலையிலேயே ஒரு குறையும் இருந்தது. அந்தக் குறையைச் சரிசெய்ய இன்னொரு கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கதை முழுதாகப் புரியும்.

முன்பு இருந்த ஆள்

மிஸ்டர் ஜீரோ மேல் எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. அவன் பிறந்த சூழ்நிலை அப்படி. 1954-இல் அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டன. குற்றவாளி மேல் பரிவு வரும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருந்தது. பரிவுக்கு இடமில்லை என்றால் எழுத்தாளனிடம் மிச்சம் என்ன இருக்கும்? வினோதமான உடுப்பு, வினோதமான கருவி, ஒரு சிலேடை. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் பேட்மேன் இதழ்களில் வரிசையாக வந்து ஒரே கதையோடு காணாமல் போன வில்லன்கள் பலர் இப்படி உருவானவர்கள்தான். பட்டம் விட்டுத் திருடும் கைட் மேன், உடம்பெங்கும் வண்ணப் பொட்டு வைத்த போல்கா டாட் மேன் எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

ஜீரோவைக் காப்பாற்றியது 1966-இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடர். அங்கேதான் அவனுக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பெயர் வந்தது. ஜார்ஜ் சாண்டர்ஸ், ஆட்டோ பிரமிங்கர், எலி வாலக் என்று மூன்று பேர் அடுத்தடுத்து நடித்தார்கள். தொடரில் அவனுடைய விபத்துக்கே பேட்மேன்தான் காரணம் என்று மாற்றியிருந்தார்கள், அதனால் பழிவாங்கல் என்ற ஒரு சின்னக் காரணமாவது கிடைத்தது. காமிக்ஸும் 1968-இல் அந்தப் புதிய பெயரை ஏற்றுக்கொண்டது. பெயர் மாறியதே தவிர, ஆள் மாறவில்லை. குளிர்த் துப்பாக்கி வைத்திருக்கும் திருடன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எண்பதுகள் வரை பெரிதாக ஒன்றும் கிடையாது.

அந்த 22 நிமிடம்

எபிசோட் ஓர் இசைப்பெட்டியில் தொடங்குகிறது. கண்ணாடிக்குள் ஒரு பாலே நடனப் பெண், சுற்றிலும் பனித்தூள். பெட்டியைப் பிடித்திருப்பது தடித்த கையுறை மாட்டிய ஒரு கை. உணர்ச்சியே இல்லாத ஒரு குரல் அந்தப் பொம்மையிடம் பேசுகிறது, குளிர்காலத்துக்கு நடுவே என்றும் இளமையாக உன்னை நினைவில் வைத்திருப்பேன் என்கிற மாதிரி. அந்தக் குரல் மைக்கேல் அன்சாராவுடையது. ஒலிபெருக்கி வழியாக வருவதுபோல அதைப் பதப்படுத்தியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய துயரத்தைச் சொன்னாலும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நான் இந்த எபிசோடை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணியதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குரல்தான் முதலில் பிடித்து உட்கார வைக்கிறது. அழுகிற குரலாக இருந்திருந்தால் அழுகையை அவனே முடித்திருப்பான், நமக்கு மிச்சம் வைத்திருக்க மாட்டான்.

கதை இதுதான். கோத்கார்ப் என்ற நிறுவனத்தின் கிடங்குகளிலிருந்து சில கருவிகளை மட்டும் குறிவைத்து ஒரு கும்பல் திருடுகிறது. பேட்மேன் துப்புத் துலக்கப் போய் ஒரு வீடியோ பதிவைக் கண்டுபிடிக்கிறான். விக்டர் ஃப்ரைஸ் (சொல்லிப் பார்த்தால் 'ஃப்ரீஸ்' என்றே ஒலிக்கும் குடும்பப் பெயர்) அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி. தீராத நோயில் கிடக்கும் மனைவி நோராவை, மருந்து கண்டுபிடிக்கும்வரை உறைநிலையில் வைத்திருக்கிறான். செலவு அதிகமாகிறது என்று நிறுவனத் தலைவர் ஃபெரிஸ் பாயில் ஆட்களோடு வந்து இணைப்பைப் பிடுங்கச் சொல்கிறார். தடுக்க வந்த விக்டரை ரசாயனப் புட்டிகள் நிறைந்த மேசைமேல் எட்டி உதைக்கிறார். தன் நிறுவனத்தை 'மக்களின் நிறுவனம்' என்று சொல்லிக்கொள்ளும் இதே பாயிலுக்குத்தான் எபிசோடின் கடைசியில் மனிதாபிமான விருது வழங்கும் விழா நடக்கிறது. பாயிலுக்குக் குரல் கொடுத்தவர் மார்க் ஹாமில். இதே தொடரில் ஜோக்கராகப் புகழ்பெறும் முன் அவர் பேசியது இந்த வேடத்துக்குத்தான்.

இப்போது கணக்குப் பார்ப்போம். 1959-இல் இருந்ததில் எதை நீக்கினார்கள்? ஒன்றையும் நீக்கவில்லை. விஞ்ஞானி இருக்கிறான். விபத்து இருக்கிறது. குளிர் உடுப்பு, உறைய வைக்கும் துப்பாக்கி, திருட்டு எல்லாம் இருக்கின்றன. மைக் மிக்னோலா வரைந்து கொடுத்த புதிய தோற்றத்தில் தலைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டும் கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடியும் இருந்தன. ஆனாலும் சாமான்கள் அதே சாமான்கள்தான். அவை எல்லாவற்றுக்கும் இப்போது ஒரே காரணம், அதுதான் வித்தியாசம். மனைவியை வைத்திருந்த கண்ணாடிப் பேழை மாதிரியே ஒரு கண்ணாடிக்குள் இவனும் அடைபட்டிருக்கிறான். அவளைக் காப்பாற்றிய குளிர் இவனுக்குச் சிறையாகிவிட்டது. அந்த இசைப்பெட்டியும் இன்னொரு கண்ணாடிதான்.

இதைச் சொல்ல நம் பழைய பொருளிலக்கணத்தில் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒரு திணைக்குக் கருப்பொருள் உண்டு: அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, தொழில். உரிப்பொருள் உண்டு: கூடுவதோ பிரிவதோ காத்திருப்பதோ. பாலையின் வெயிலைச் சொன்னால் பிரிவும் கூடவே வந்துவிடும், தனியாக 'அவள் வருந்தினாள்' என்று எழுத வேண்டியதே இல்லை. மிஸ்டர் ஜீரோவிடம் கருப்பொருள் மூட்டை மூட்டையாக இருந்தது, உரிப்பொருள் மட்டும் இல்லை. டினி செய்தது அந்தக் காலி இடத்தை நிரப்பியதுதான். அதுவும் குளிர் என்ற கருப்பொருளுக்கு ஏற்ற உரிப்பொருளாகப் பார்த்து நிரப்பினார். இவனுக்கு ஒரு ஏழைச் சிறுவயதையோ கொடுமைக்காரத் தகப்பனையோ கொடுத்திருந்தாலும் அது சோகக் கதைதான். ஆனால் துப்பாக்கி அப்போதும் வெறும் துப்பாக்கியாகவே கிடந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எபிசோட் அவனை நல்லவனாக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு கிடங்கில் அவனுடைய சொந்த அடியாள் ஒருவன் உறைபனியில் மாட்டிக்கொள்கிறான். ஃப்ரீஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுகிறான். அந்த அடியாளைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுவது பேட்மேன். பாயில் ஒருவனைத் தண்டிக்க, அவன் இருக்கும் கட்டடத்தையே எல்லாரோடும் சேர்த்து உறைய வைக்கவும் இவன் தயார். பரிவு வருகிறது, மன்னிப்பு வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் 22 நிமிடத்துக்குள் பிரித்து வைத்திருப்பது பெரிய விஷயம். பின்னால் வந்த பலர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுந்தார்கள்.

அப்புறம் அந்தச் சூப். பேட்மேனுக்குச் சளி பிடித்திருக்கிறது, வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெட் ஃபிளாஸ்கில் கோழி சூப் கொடுத்து அனுப்புகிறார். சும்மா வந்துபோகும் வீட்டுக் காட்சி மாதிரி இருக்கும். கடைசிச் சண்டையில் பேட்மேன் கை ஓங்க முடியாமல் கிடக்கும்போது அதே ஃபிளாஸ்கை ஃப்ரீஸின் கண்ணாடிக் கூண்டின்மேல் உடைக்கிறான். கொதிக்கும் சூப் சில்லிட்ட கண்ணாடியில் பட்டதும் அது விரிசல் விட்டுச் சிதறுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்த எந்த வீட்டிலும் இது தெரியும். 1959 கதையிலும் முடிவு சூட்டால்தான் வந்தது. அங்கே எங்கிருந்தோ ஒரு நீராவிக் குழாய். இங்கே, உடம்பு சரியில்லாத ஒருவனுக்கு வீட்டில் ஒருவர் அக்கறையோடு செய்து கொடுத்த சூடு. மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் எல்லாவற்றையும் இழந்தவன் அதில் தோற்கிறான். பேட்மேன் அந்த வீடியோவைச் செய்தியாளர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இடுப்புவரை உறைந்து நிற்கும் பாயிலை அப்படியே விட்டுப் போகிறான். கடைசிக் காட்சி ஆர்க்கம் மனநலக் காப்பகத்தில், அவனை அடைத்து வைத்த அறையில். அந்த நடனப் பொம்மையிடம் ஃப்ரீஸ் மன்னிப்புக் கேட்கிறான், குரல் அப்போதும் மாறவில்லை, கண்ணீர் மட்டும் வழிகிறது.

வாரிசுகள்

1997-இல் பால் டினியும் ஓவியர் மார்க் பக்கிங்ஹாமும் சேர்ந்து வெளியிட்ட தனி இதழ் ஒன்று இந்த முன்கதையைக் காமிக்ஸுக்குள்ளும் கொண்டுவந்தது. அதே ஆண்டில் 'பேட்மேன் அண்ட் ராபின்' திரைப்படம். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் நடித்த ஃப்ரீஸ். அதில் நோரா இருக்கிறாள், அவளுடைய நோய்க்கு ஒரு பெயர்கூட இருக்கிறது. ஆனால் அவன் வாயைத் திறந்தால் வரிக்கு வரி பனிச் சிலேடை. 1959-இன் கருப்பொருளும் 1992-இன் உரிப்பொருளும் ஒரே உடம்புக்குள் ஒன்றையொன்று தெரியாமல் குடியிருந்தன. வெறுமனே சோகத்தைச் சேர்ப்பது போதாது என்பதற்கு இந்தப் படமே எனக்குப் போதும்.

முறையைச் சரியாகப் பிடித்தவர்களும் உண்டு. 1960-இல் பிறந்த கைட் மேன் 2017-இல் டாம் கிங் எழுதிய பேட்மேன் கதையில் திரும்பி வந்தான். அவன் ஒரு சாதாரணத் தகப்பன். ரிட்லர் என்ற இன்னொரு வில்லன் அவனுடைய சின்னப் பையனின் பட்டத்தில் விஷம் தடவிக் கொன்றுவிடுகிறான். அதன் பிறகுதான் அந்த மனிதன் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பறக்கிறான். பையன் உற்சாகத்தில் சொல்லும் இரண்டு வார்த்தையையே தன் முழக்கமாக வைத்துக்கொள்கிறான். ஐம்பத்தேழு வருடம் சிரிப்புப் பொருளாக இருந்த பட்டம் ஒரே இதழில் கையில் எடுக்கவே கனமாகிவிட்டது. 1962-இன் போல்கா டாட் மேன் 2021-இன் 'தி சூஸைட் ஸ்குவாட்' படத்தில் வந்தபோதும் அதே வழி. அந்த வண்ணப் பொட்டுகள் தாய் செய்த பரிசோதனையால் உடம்புக்குள் ஏறிய ஒரு தொற்று. வெளியேற்றாவிட்டால் அவனையே தின்றுவிடும்.

நோரா எங்கே?

இனி அந்தக் குறை. 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' முழுக்க நோராவைப் பற்றியது. ஆனால் நோரா அதில் பேசுவதில்லை. கண் திறப்பதில்லை. பொம்மையாகவும் பேழைக்குள் ஓர் உருவமாகவும்தான் இருக்கிறாள். அவள் என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள், உறைந்து கிடக்க அவளுக்குச் சம்மதமா, எதுவும் தெரியாது. 22 நிமிடத்தில் அதற்கு இடமில்லை என்பது உண்மை. அந்த எபிசோடில் அவள் இறந்துவிட்டதாகவே விக்டர் நம்புகிறான், ஆகவே இறந்தவளின் நினைவாக அவள் இருப்பதும் பொருந்தியது. சிக்கல் 1994-இல் தொடங்கியது. அதே தொடரின் 'டீப் ஃப்ரீஸ்' எபிசோடில் அவள் இன்னும் பேழைக்குள் உயிரோடு இருக்கிறாள் என்று காட்டினார்கள். இழந்தவன் காத்திருப்பவனாக மாறினான். காத்திருப்பவன் கதைக்கு மீண்டும் மீண்டும் பயன்படுவான். ஆக, கதை ஓட வேண்டும் என்றால் நோரா எழுந்திருக்கக் கூடாது.

1998-இன் 'சப்ஜீரோ' படத்தில் அவள் பிழைத்துக்கொள்கிறாள். அந்தச் செய்தியைப் பனிப்பிரதேசத்தில் இருக்கும் விக்டர் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்ணீர் விடுகிறான். அழகான முடிவு. ஆனாலும் அவள் விழித்தெழுந்ததே அவனுடைய கண்ணீருக்காக என்பதுபோல இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் காமிக்ஸ் அவளை ஒருமுறை இறந்தவரையும் எழுப்பும் லாசரஸ் குழியில் இறக்கி, நெருப்பைக் கக்கும், கணவனை வெறுக்கும் லசாரா ஆக்கியது. பனிக்கு எதிர் நெருப்பு. அது நிலைக்கவில்லை.

2012-இல் ஸ்காட் ஸ்னைடரும் ஜேம்ஸ் டைனியனும் பேட்மேன் ஆண்டு மலரில் துணிச்சலாக ஒன்று செய்தார்கள். நோரா 1943-இல் பிறந்தவள், விக்டர் பிறக்கும் முன்பே உறைநிலைக்குப் போனவள், அவனுக்கு மனைவியே இல்லை. அவளை ஆராய்ந்த விக்டர் தன் மனத்துக்குள் மட்டும் அவளோடு குடும்பம் நடத்துகிறான். பல ரசிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் கோபமில்லாமல் யோசித்தால் ஆசிரியர்களின் கேள்வி நியாயமானது என்று தெரிகிறது. பேச முடியாத பெண்மேல் ஒருவன் சொந்தம் கொண்டாடுவதை இத்தனை நாள் காதல் என்று நம்பிவிட்டோமே, அது சரிதானா? கேள்வி சரி, பதில் கதையைக் கொன்றுவிட்டது. இங்கே அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்பவன் புரூஸ் வெய்ன் (முகமூடி இல்லாத பேட்மேன்), அவன் சொல்வது நியாயமாகவும் இருக்கிறது. பாயில் இல்லை, நிறுவனத்தின் கொடுமை இல்லை, மனைவி இல்லை. குளிருக்கும் பிரிவுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. மிஞ்சியது ஒரு மனநோயாளியும் ஒரு துப்பாக்கியும்தான். நோராவுக்கு அப்போதும் வாய் திறக்கவில்லை.

சில ஆண்டுகளில் காமிக்ஸ் பழைய திருமணத்துக்கே திரும்பியது. 2019-இல் பீட்டர் டொமாசி எழுதிய 'டிடெக்டிவ் காமிக்ஸ்' தொடர்கதையில் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் கொடுத்த மருந்தால் நோரா எழுகிறாள். எழுந்தவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. அவன் உடுப்பைப் போலவே ஒன்றை மாட்டிக்கொண்டு தானும் குற்றத்தில் இறங்குகிறாள், முடிவில் அவனையே எதிர்க்கிறாள். அவளுக்கென்று ஆசை இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு மனக்குறை: கெட்டவளாக மாறினால்தான் அவளுக்குச் சொந்த விருப்பம் கிடைக்குமா என்று தோன்றுகிறது. ஆனாலும் 1992-இல் பொம்மையாகத் தொடங்கியவள் 27 ஆண்டு கழித்து ஒரு வாக்கியத்தை 'நான்' என்று ஆரம்பிக்கிறாள்.

எனக்குப் பிடித்த பதில் அதற்கு நான்கு ஆண்டு முன்பே வந்துவிட்டது, ஒரு வீடியோ கேமில். 'ஆர்க்கம் நைட்' கேமுக்கு 2015-இல் கூடுதலாக வெளியிட்ட பகுதிகளில் ஒன்று 'இன் ஃப்ரம் தி கோல்ட்'. நோராவைக் கடத்திவிடுகிறார்கள், பேட்மேன் தேடிப் போகிறான். பேழை சேதமாகி அவள் விழித்துக்கொள்கிறாள். நோய் அப்படியே இருக்கிறது. மறுபடி உறைநிலைக்குப் போனால் பிழைக்க வழி இருக்கலாம், வெளியே இருந்தால் கொஞ்ச நாள்தான். அவள் மறுத்துவிடுகிறாள். மிச்சமிருக்கும் நாளைக் கண்ணாடிக்கு வெளியே, கணவனோடு வாழ வேண்டும் என்கிறாள். இத்தனை வருடக் கதைகளில் அவளுடைய உடம்பைப் பற்றிய முடிவை அவளே எடுப்பதை நான் பார்த்த முதல் இடம் அது. விக்டருக்கும் வாதாட ஒன்றுமில்லை. தலையை மூடியிருந்த கண்ணாடியைக் கழற்றுகிறான். அது இல்லாமல் அவனாலும் அதிக நாள் இருக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். ஒரு படகில் ஏறிக் கிளம்புகிறார்கள். பேட்மேன் தடுக்கவில்லை.